பதினாறாவது ராடின் நத்தை

அவள் பொய் எழுதியிருக்கிறாள். தெரியாமல் செய்த தவறு இல்லை. எண்ணிப் பார்த்து, புரிந்துகொண்டு, மறைத்து எழுதிய பொய். காரைக்கால் மண்ணுக்கு அடியிலிருந்து வந்த புதிய கடல் நத்தை என்று அவள் உலகத்துக்குக் காட்டிய ஓடு, மண்ணுக்கு அடியிலிருந்து வந்ததே இல்லை. நிஜமாகவே அடியிலிருந்து வந்த ஓட்டுக்கு இன்றுவரை பெயர் கிடையாது. அதை எடுத்தவள் நான்.

பொறாமையில் பேசுகிறாள் என்று சொல்வீர்கள். ஆமாம், பொறாமைதான். அவளை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் பொறாமைக்காரி சொல்கிறாள் என்பதற்காக ஓட்டில் இருக்கும் மடிப்பு கூடவோ குறையவோ போவதில்லை.

நாங்கள் இருவரும் காரைக்காலில் விலங்கியல் படித்தோம். மூன்று வருடம் ஒரே பெஞ்சு. கரப்பான் பூச்சியை அறுத்து நரம்பை எடுத்து வைக்கும் நாளில் அவள் நரம்பை அறுத்துவிடுவாள். ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பும்போது அவள் தட்டிலும் நானே எடுத்து வைத்திருக்கிறேன். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். மேல்படிப்புக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம், இரண்டு பேரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டார் என்னை பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் போட்டிருந்தார்கள். பிரெஞ்சு வந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கேட்ட ஐந்து கேள்விக்கும் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னாள். நல்ல ஆங்கிலத்தில் தப்பாகச் சொன்னாள். இடம் அவளுக்குக் கிடைத்தது. வடக்கே பெரிய ஊருக்குப் போனாள், கடல் நத்தைகளின் பழைய ஓடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள், டாக்டர் ஆனாள்.

நான் ஊரிலேயே இருந்தேன். காரைக்காலில் பழைய நிலப் பத்திரங்கள் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. பாகப்பிரிவினை, வழக்கு என்று வந்தால் அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய அலுவலகத்தில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். கையெழுத்து மங்கிப்போன பத்திரங்களைப் படிக்க ஒரு நல்ல பூதக்கண்ணாடி கொடுத்திருந்தார்கள். விலங்கியல் படித்ததற்கு என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் கண்ணாடியைப் பிடிக்கத் தெரிந்த கை மட்டும்தான்.

சுனாமிக்கு மறு வருடம் கிளிஞ்சல்மேட்டுக்கு மேற்கே வீடு கட்டிக்கொடுக்க நிலம் எடுத்தார்கள். அதில் ஒரு துண்டு நிலத்துக்கு எல்லைத் தகராறு. பத்திரம் பிரெஞ்சில் இருந்ததால், கீழ்ப்புற எல்லையாகச் சொல்லியிருந்த வாய்க்கால் எது என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். வாய்க்கால் தூர்ந்து போயிருந்தது. அதன் மேலேயே குடிதண்ணீருக்கு போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் ஏறி வந்த பிறகு அங்கே இருந்த கைப்பம்பு எல்லாம் உப்பாகிவிட்டதால் ஆழமாக இறக்கினார்கள்.

போர் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராடு என்பது இருபது அடி நீள இரும்புக் குழாய்; ஒரு ராடு இறங்கியதும் மேலே வரும் மண்ணில் ஒரு கை அள்ளித் தரையில் வைப்பார்கள். அடுத்த ராடுக்குப் பக்கத்திலேயே அடுத்த கை. வேலை முடியும்போது அப்பளம் காயவைத்த மாதிரி வரிசையாக மண் குவியல்கள் இருக்கும். நல்ல மணல் எந்தக் குவியலில் இருக்கிறதோ அந்த ஆழத்தில் தண்ணீர் உறிஞ்சும் துளை போட்ட குழாயை வைப்பார்கள். நான் போனபோது பதினேழு குவியல் இருந்தது. பதினாறாவது குவியலில் வெறும் மண் இல்லை. நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் கெட்டியான களிமண் கட்டிகள் கிடந்தன. ஒரு கட்டியைச் செருப்புக் காலால் தட்டினேன். உடைந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

குந்தி உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். வெள்ளரி விதை அளவில் ஒரு நத்தை ஓடு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பாதி வெளியே, பாதி கட்டிக்குள்ளே. கட்டியின் உட்புறம் கல் மாதிரி காய்ந்திருந்தது.

போர் மேஸ்திரி நாகூர்ப் பக்கத்துக்காரர். வயதானவர், நல்ல மனிதர். நான் மண்ணைக் கிளறுவதைப் பார்த்து நிலத்தில் ஏதோ குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று பயந்துவிட்டார்.

“ஏம்மா, கோர்ட்டுலேருந்து மண்ணையும் பாக்கச் சொன்னாங்களா?”

இல்லை, நத்தை ஓடு பார்க்கிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அவராகவே ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது ராடில் மணல் சரிந்து குழி மூடிக்கொண்டதாம். கரையோர மணலில் இது எப்போதும் நடக்கும். சரியாமல் பிடித்து நிறுத்தக் களிமண்ணும் சாணியும் கரைத்து ஊற்றுவார்கள்.

“இங்க ஏதும்மா களி? முகத்துவாரத்துலேருந்து ரெண்டு டிராக்டர் கொண்டாந்து போட்டோம். அந்தச் சேத்துலயும் நத்தை கெடக்கும், நண்டும் கெடக்கும். ஓடு வேணும்னா அந்தக் குழியில பொறுக்குங்க, கூடையே ரொம்பும்.”

அவர் காட்டிய இடம் போருக்குப் பக்கத்தில் வெட்டிய சேற்றுக்குழி. கரைத்த சேறு குழாய் வழியாக உள்ளே போய், அடிமண்ணோடு மேலே வந்து, திரும்ப அந்தக் குழியிலேயே விழும். ஆற்றின் முகத்துவாரத்தில் போன மாதம் செத்த நத்தையும், முன்னூறு அடிக்குக் கீழே லட்சக்கணக்கான வருடமாகக் கிடந்த நத்தையும் அங்கே ஒன்றாக மிதக்கும். ஆகவே குழியில் கிடைக்கும் எதையும் நம்ப முடியாது. குவியலில் உதிரியாகக் கிடப்பதையும் நம்ப முடியாது. கட்டிக்குள் பதிந்திருப்பது மட்டும்தான் நிச்சயம். கரைத்த சேறு காய்ந்த கட்டிக்குள் போக முடியாது. இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பட்டம் வேண்டியதில்லை.

கட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தகரக் கொட்டகையில் இருந்த ஒரு மீன்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிச்சவங்கல்லாம் வந்து எங்க பேர எழுதிட்டுப் போனாங்க. நீ ஒருத்திதான் நத்தை பேர எழுதிட்டுப் போற” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

வீட்டில் அந்தக் கட்டியைத் தண்ணீரில் ஊற வைத்து, தினமும் நீரை மாற்றி, ரவை சல்லடையில் போட்டுத் தட்டித் தட்டிக் களியைக் கரைத்தேன். மற்ற கட்டிகளையும் கரைத்தேன், அவற்றில் எதுவும் இல்லை. ஐந்தாவது நாள் இந்த ஓடு தனியாக வந்தது. வெளி உதடு கொஞ்சம் உடைந்திருந்தது. மற்றபடி முழுசு. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நத்தை ஓட்டின் வாய்க்குள் நடுத்தூண் ஒன்று தெரியும். சில வகைகளில் அந்தத் தூணில் திருகாணி மாதிரி மடிப்புகள் இருக்கும். இதில் மூன்று. மேலே நெடுக ஓடும் வரம்புகள் தோள்பட்டை மாதிரியான இடத்தில் பட்டென்று உடைந்து, அப்புறம் தொடர்ந்தன. நான் படித்த எந்தப் படத்திலும் அப்படிப் பார்த்ததில்லை.

அவளுக்கு பிரவுசிங் சென்டரிலிருந்து மெயில் போட்டேன். படித்து முடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. மறுநாளே போன் செய்தாள். அவள் குரலில் இருந்த பரபரப்பு எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். நூறு வருடத்துக்கு மேலாக இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் காரைக்காலில் ஓர் ஆழ்கிணறு தோண்டினார்களாம். அப்போது வந்த ஓடுகளைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்திருக்கிறாராம். அந்தப் பக்கங்களின் நகலை அனுப்பினாள். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது. “நீ படிச்சுச் சொல்லுடி” என்றாள்.

படித்தேன். பத்திரம் படிக்கிற மாதிரியே படித்தேன். பத்திரத்தில் நிலத்தின் பெயர் மாறும், சொந்தக்காரர் மாறுவார், அளவுகூட மாறும். நான்கு எல்லையும் ஒத்துப்போனால்தான் அதே நிலம். அந்த பிரெஞ்சுக்காரரும் ஒவ்வொரு நத்தைக்கும் அப்படித்தான் எல்லை எழுதியிருந்தார். சுருள் எத்தனை, வரம்பு எப்படி, வாய் எப்படி, மடிப்பு எத்தனை. அலுவலக வேலை முடிந்து வந்து தினம் இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று மாதம். என் நத்தைக்கு அருகில் வந்த ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கு மடிப்பு நான்கு, வரம்புகள் உடையாமல் நேராக இறங்கின. நான்கு எல்லையில் இந்த இரண்டும் ஒத்து வரவில்லை.

போனில் அவளிடம் சொன்னேன், “இது அதுல இல்லடி. இது புதுசு.”

அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவள் நான். அவள் உடனே குட்டு வைத்தாள்.

“புதுசுன்னு நீ சொல்லக் கூடாது. நூறு வருஷத்துல எவனாவது ஜாவாவுலயோ பர்மாவுலயோ எழுதி வச்சிருப்பான். எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லணும்.”

அதுவும் சரிதான். அந்த வேலையை அவள்தான் செய்தாள். எங்கெங்கோ இருந்த நூலகங்களுக்கு எழுதி, படங்களை வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வந்தாள். அதை நான் செய்திருக்க முடியாது. அதனாலேயும் எனக்கு அவள் மேல் எரிச்சல்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்தாள். அவள் கையில் புது வாட்ச். தரையில் உட்காரச் சொன்னால் துணி அழுக்காகுமே என்று எனக்கே தோன்றி நாற்காலி எடுத்துப் போட்டேன். பிறகு ஏன் எடுத்துப் போட்டோம் என்று கோபம் வந்தது. அவள் தன்னிடமிருந்த சின்ன லென்சில் ஓட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உதட்டைச் சுழித்தாள்.

“இந்தா பாரு, வாய் உடைஞ்சிருக்கு. பேர் வைக்கிற ஓடு முழுசா இருக்கணும்டி. இத அனுப்புனா திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னொண்ணு கிடைக்குமா பாரேன்.”

புது நத்தைக்கு வைக்கும் பெயர், அடையாளமாகக் காட்டும் ஒரே ஓர் ஓட்டுக்குத்தான் சொந்தம்; உடைந்த ஓட்டையும் அப்படிப் பெயருக்கு வைத்த கதைகள் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். உடைந்த ஓட்டைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

நான் மறுபடியும் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். போர் வேலை முடிந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குவியல்களைக் கூட்டித் தள்ளிவிட்டிருந்தார்கள். பதினாறாவது கட்டிகள் மிச்சமில்லை. சேற்றுக்குழி மட்டும் பாதி தூர்ந்து கிடந்தது. காய்ந்த சேற்றைச் சாக்கில் அள்ளி வந்து ஆறு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் சலித்தேன். முழுசாக ஒரு ஓடு கிடைத்தது. அதே அளவு, அதே உருவம், தோள்பட்டையில் வரம்பு உடைந்திருந்தது. வாய் முழுசு. வெளுப்பு மட்டும் கொஞ்சம் குறைவு, ஒரு பக்கம் மங்கலாகப் பழுப்பு ஓடியது.

கண்ணாடியில் பார்த்தேன். மடிப்பு இரண்டு.

இங்கே நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஓட்டை ஒரு பிலிம் டப்பாவில் போட்டு, ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தேன். “சேற்றுக்குழியில் எடுத்தது. ஆழம் தெரியாது. முகத்துவாரத்துக் களி கலந்தது. சந்தேகம்.” இவ்வளவும் எழுதினேன். மடிப்பு இரண்டு என்பதை மட்டும் எழுதவில்லை. மறந்து போகவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துத்தான் எழுதாமல் விட்டேன். பெரிய டாக்டர் ஆயிற்றே, எண்ணிப் பார்க்கிறாளா பார்ப்போம் என்று விட்டேன். அவள் எண்ணாமல் எழுதிவிட வேண்டும், யாராவது கேட்டு அவள் முழிக்க வேண்டும், நேர்காணலில் நான் முழித்த மாதிரி முழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அனுப்பிவிட்டு வரும் வழியில் பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தேன். கேவலமான சந்தோஷம்.

கீழவாஞ்சூரில் துறைமுக வேலை ஆரம்பித்து லாரிகள் ஓட ஆரம்பித்த காலத்தில் அவள் கட்டுரை வெளியானது. எனக்கு அனுப்பவில்லை. கல்லூரியில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர் வைத்த ஓடு, குழியில் எடுத்த முழு ஓடு. அதன் ஆழம் என்று போட்டிருந்தது பதினாறாவது ராடின் ஆழம். என் உடைந்த ஓடு அதற்குத் துணை ஓடு. பெயர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர். அவர் காரைக்காலைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் உதவியதற்காக எனக்கு ஒரு வரி.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். நடுவில் இருந்த ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை. “நடுத்தூணில் இரண்டு மடிப்புகள், சில ஓடுகளில் மூன்று.”

சில ஓடுகளாம். உலகத்திலேயே இருந்தது இரண்டு ஓடு. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. அவள் எண்ணியிருக்கிறாள். வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறாள். இரண்டும் வேறு வேறு நத்தையாக இருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வந்திருக்கிறது. வந்ததால்தான் அந்த வார்த்தையைப் போட்டு மூடியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போனேன். தண்ணீர் வற்றிய நேரம். களித் திட்டில் முழங்கால் வரை இறங்கி மூன்று மணி நேரம் தேடினேன். முதல் நாள் எதுவும் இல்லை. நாலாவது ஞாயிறு, வலையை உதறிய இடத்தில் கிடந்த குப்பையில் ஒரு ஓடு தானாக நகர்ந்தது. வெள்ளரி விதை அளவு. பழுப்பில் வெள்ளைக் கோடு போட்ட பளபளப்பான ஓடு. நிறம் போகவில்லை, ஆகவே நத்தை செத்து அதிக நாள் ஆகியிருக்காது; காலி ஓட்டில் குடியேறும் குட்டி நண்டு ஒன்று உள்ளே இருந்தது. தோள்பட்டையில் வரம்பு உடைந்திருந்தது. நண்டு வேறு ஓட்டுக்கு மாறுகிற வரை கிண்ணத்தில் வைத்துக் காத்திருந்து, காலியானதும் எண்ணினேன். இரண்டு மடிப்பு.

லட்சக்கணக்கான வருடத்துக்கு முன் அழிந்து போனதாக அவள் எழுதிய நத்தையின் ஓட்டைச் சுமந்துகொண்டு நண்டு என் வீட்டுக் கிண்ணத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நாங்கள் படித்த கல்லூரியில் அவளுக்குப் பாராட்டு விழா. அந்த ஓட்டைப் பிலிம் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசை. சால்வை போட்டார்கள். எங்கள் மண்ணின் மகள் என்றார்கள். அவள் மைக்கைப் பிடித்து, சுனாமி அடித்த ஊரில் போர் போட்ட இடத்தில் தானே குந்தி உட்கார்ந்து களிமண் கட்டியை உடைத்து அந்த ஓட்டை எடுத்ததாகச் சொன்னாள். அந்த மீன்காரம்மா சொன்ன பேச்சையும் சொன்னாள். அது நான் அவளிடம் போனில் சொன்னது. கூட்டம் கைதட்டியது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். முதல் வருடப் பெண் ஒருத்தி நத்தை சாப்பிட முடியுமா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. என் பை மடியில் இருந்தது, கை பைக்குள் டப்பாவின் மேல் இருந்தது. எழுந்திருக்கவில்லை. ஏறின உயரத்துக்குத் தகுந்த மாதிரி விழட்டும், இன்னும் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த நினைப்போடு எனக்குப் பயமும் இருந்தது. அந்த மேடையைப் பார்த்து என்னால் பேச முடிந்திருக்காது.

விழா முடிந்து மாடிப்படியில் அவளைப் பிடித்தேன். டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவள் ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். என்ன என்று கேட்கவே இல்லை.

“எங்க எடுத்த?”

“முகத்துவாரத்துல. உள்ள நண்டு இருந்துச்சு.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சால்வை தரையில் புரண்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

“உன் சீட்டப் படிச்சேன்டி. குழின்னு எழுதியிருந்த. ரெண்டு மடிப்புன்னு ஏன் எழுதல? நீ பாக்காம இருந்திருக்க மாட்ட. கரப்பான் பூச்சி நரம்பையே எண்ணுறவ நீ.”

நான் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“எழுதியிருந்தா நான் நின்னுருப்பேன்” என்றாள்.

“நீயே எண்ணுனல்ல. எண்ணிட்டு ஏன் நிக்கல?”

அவள் சால்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் குரலை இறக்கிச் சொன்னாள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, பேராசிரியர் பெயரை வைத்தாகிவிட்டது, இப்போது தப்பு என்று சொன்னால் இரண்டு பேருக்கும் அசிங்கம். ஒரு வருடம் பொறுத்துக்கொள், அடுத்த கட்டுரையில் உன் ஓட்டுக்குத் தனிப்பெயர் வைக்கிறேன், எழுதியவர் என்று உன் பெயரையும் போடுகிறேன் என்றாள்.

நான் சரி என்றேன். இதையும் எழுதிவிடுகிறேன். உண்மைக்காக நின்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. என் பெயர் அச்சில் வரும் என்றதும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருடம் காத்திருந்தேன். அலுவலகத்தில் பத்திரம் எழுதும்போது காகிதத்தின் ஓரத்தில் என் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் இரண்டாயிற்று. வேலை அவளுக்கு நிரந்தரம் ஆனது. போன் செய்தால் எடுப்பதில்லை. மெயிலுக்குப் பதில் இல்லை. கடைசியாக வந்த ஒரே பதிலில், துணை ஓடு அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டுவிட்டதால் தன் கையில் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எனக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

நான் படிக்கும் பழைய பத்திரங்களில் ஒரு முறை இருக்கிறது. எழுதியவர் ஏதாவது தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே கோட்டில் அடிக்க வேண்டும். கடைசியில் இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன, அவை செல்லாது என்று எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோரும் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நூற்றைம்பது வருடத்துப் பத்திரத்தில் எழுத்தர் செய்த பிழை இன்றும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதனால் அந்தப் பத்திரத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பிழை இருந்தும், அது தெரிகிற மாதிரி திருத்தியிருப்பதால்தான் நீதிமன்றம் அதை நம்புகிறது. ஒரு நத்தைக்கு எழுதியதையும் அப்படித் திருத்தலாம். இந்தத் துறையில் அது நடக்காத காரியமும் இல்லை. யாருக்கும் உயிர் போகாது.

அதனால் என் பங்குக்கு நான் அடிக்க வேண்டியதை இங்கே அடித்துவிட்டேன். இரண்டு மடிப்பு என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. விழாவில் எழுந்திருக்கவில்லை. படியில் சரி என்றேன். மூன்றும் என் தப்பு.

இனி நீ சொல். என்னிடம் போனில் சொல்லாதே, ஊருக்கு வந்து படியில் உட்கார்ந்து சொல்லாதே. கட்டுரை வந்த அதே இதழில், அதே எழுத்தில் சொல். இரண்டு ஓட்டையும் ஒரே தட்டில் வைத்து, வாய்ப்பக்கம் மேலே தெரிய, படம் எடுத்துப் போடு. எது கட்டிக்குள் இருந்தது, எது குழியில் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுது. எடுத்தது யார் என்று எழுது. என் சீட்டில் இருந்த வார்த்தைகளை அப்படியே எழுது. எழுதிவிட்டு, நீ வைத்த பெயர் செத்த நத்தைக்கா உயிரோடு இருக்கும் நத்தைக்கா என்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்.